எங்கை போறீர் என்று கேட்டவள்

வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்றால் 'தூரமோ?' என்று கேட்கலாம். அதையும் மீறி யாராவது கேட்டுவிட்டால் திரும்பி உள்ளே போய், இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். ஒஸ்லோவுக்கு வந்து பதினைந்து வருடமாகியும் நான் இதை விடவில்லை. பனிக்குளிரில் சகுனம் எடுபடாது என்று என் கணவர் சொல்வார். அவர் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு நேர அட்டவணைதான் சாத்திரம்.

ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் ஒவ்வொரு தளத்திலும் இரண்டு கதவுகள். நான்காம் மாடியில் எங்களுக்கு எதிர்க்கதவில் ஓர் இலையுதிர்காலத்தில் புதிதாக ஒரு சோடி வந்தது. ஆள் நோர்வேக்காரன், பாரவூர்தி ஓட்டுகிறவன். கிழமையில் ஐந்து நாள் வீட்டில் இருக்கமாட்டான். மனைவி இந்தோனேசியாக்காரி. ஜாவாவில் ஏதோ வயல் கிராமம். சின்ன உருவம், என் வயதுதான் இருக்கும், காலில் எந்நேரமும் ரப்பர் செருப்பு.

அவள் வந்த மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குப் போகக் கதவைப் பூட்டும்போது எதிர்க்கதவு திறந்தது. தலை மட்டும் வெளியே வந்தது.

"எங்கை போறீர்?"

அவளுடைய நோர்வேஜிய மொழியும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. அந்த மொழியில் எல்லோரும் 'நீ'தான். நான் இங்கே அதை எங்கள் தமிழில், எங்கள் மரியாதையோடு எழுதுகிறேன். அவள் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை மட்டும் மாற்றாமல் தருகிறேன். பூட்டிய கதவைத் திறந்து, சப்பாத்தோடு உள்ளே போய், கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி இறங்கி ஓடினேன். ரயில் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. பத்து நிமிடம் பிந்தியதற்கு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டினேன்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். பின்னேரம் வந்தால் "எங்கை போட்டு வாறீர்?" பையோடு வந்தால் "என்ன வாங்கினீர்?" கணவரின் தம்பி பேர்கன் நகரத்தில் இருந்து வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனார். அவர் போன அன்று மின்தூக்கிக்குள் வைத்து, "உம்மடை வீட்டிலை ரெண்டு நாள் நிண்ட ஆம்பிளை ஆர்?" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சொந்தக்காரர்" என்றேன். "நல்லது, நல்லது" என்று தலையாட்டினாள். கணக்கில் ஏதோ சரிவந்த மாதிரி.

இதெல்லாம் வெறும் விடுப்பு, ஊர்ப்புதினம் கேட்கிற ஆசை என்று நான் விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அப்போது ஒரு பொருள் இருந்தது.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் நான் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது என் தங்கச்சி ஒரு சின்னப் பொதியை என் கையில் தந்தாள். செத்துப்போன எங்கள் அம்மாவின் அட்டியல், ஆறு காப்பு, ஒரு பதக்கச் சங்கிலி. அம்மா அவளுக்கென்று வைத்துவிட்டுப் போனது. எனக்குரியதை என் கலியாணத்தில் போட்டாகிவிட்டது.

"சண்டை எந்த நேரம் திரும்பத் தொடங்குமோ தெரியாது. உங்களோடை இருக்கட்டும் அக்கா. என்ரை கலியாணத்துக்குக் கொண்டு வாங்கோ" என்றாள். "உங்கை நோர்வேயிலை கள்ளர் இல்லைத்தானே?"

"ஓம், இல்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வங்கிப் பெட்டகத்தில் வையும் என்று கணவர் ஆயிரம் தரம் சொன்னார். சண்டைக்குள் வங்கி பூட்டிக்கிடந்தபோது அம்மா தன் நகையை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் அலைந்ததைக் கண்டவள் நான். கண் பார்க்கும் இடத்தில்தான் பொன் இருக்க வேண்டும். மூடி போட்ட நீல வாளியில் பத்துக் கிலோ சிவப்பரிசி. அதற்கு அடியில் துணியில் சுற்றிய பொதி. ஒவ்வொரு நாளும் அளவுச் சுண்டால் அரிசி அள்ளும்போது கையை அடிவரை விட்டுப் பார்ப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்துக் குரோருட்டில் ஒரு தமிழ் வீடு உடைபட்டது. குடும்பம் பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்த பின்னேரத்தில் வந்து, தொலைக்காட்சியைத் தொடாமல், பவுணை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் பவுண் இருக்கும் என்று கள்ளனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது வீட்டில் ஆள் இருக்காது என்றும் தெரிந்திருக்கிறது. கோயிலில் எல்லோரும் இதையே கதைத்தார்கள். "பக்கத்திலை இருக்கிற ஆரோ தான் துப்புக் குடுத்திருக்கினம்" என்று ஒரு பெண் சொன்னார். எதிர்க்கதவுத் தலை கண்ணுக்குள் வந்தது.

அதற்குப் பிறகு நான் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். கதவில் இருக்கும் கண்ணாடித் துவாரம் என் தொலைக்காட்சியாகிவிட்டது. அப்படித்தான் ஒருநாள் அதைக் கண்டேன். இருட்டுப்படத் தொடங்கும் நேரம் அவள் குப்பை போட்டுவிட்டு வந்தாள். தன் கதவுக்குப் போகாமல் என் கதவுக்கு முன் நின்றாள். கதவின் கைபிடி மெல்லக் கீழே இறங்கியது. பூட்டியிருந்தது. கைபிடி மெல்ல மேலே வந்தது. அவள் போய்விட்டாள். துவாரத்தில் வைத்த கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கணவர் வந்ததும் சொன்னேன்.

"கள்ளி எண்டால் உம்மடை அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவுக்குப் போயிருப்பாள்" என்று சிரித்தார். "உமக்கு விசர் பிடிச்சிட்டுது. இனிக் கண்ணாடிக்குள்ளாலை பாக்கிறதை விடும்."

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு திரியிற ஆளுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்?"

பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. மறுநாளும் கைபிடி இறங்கியது.

இளவேனிலில் எங்கள் வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் டுக்னாட் வைக்கும். கட்டடத்தில் இருக்கும் எல்லோரும் ஒருநாள் சேர்ந்து முற்றத்தைக் கூட்டி, செடி நட்டு, கடைசியில் சொசேஜ் சுட்டுச் சாப்பிடுவது. விதி என்னையும் அவளையும் ஒரே குப்பைப் பைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியது. நான் வாரி அள்ள, அவள் பையைப் பிடித்துக்கொண்டு தன் ஊரைப் பற்றிக் கதைத்தாள்.

"எங்கடை ஒழுங்கையிலை முப்பது வீடு. ஒழுங்கை வாசலிலை ஒரு காவல் கொட்டில். ஆம்பிளையள் முறை வைச்சுச் சுத்துவினம். கொட்டிலிலை உள்ளுக்குக் குடைஞ்ச மரக்கட்டை ஒண்டு தொங்கும். ரெண்டு ரெண்டா அடிச்சால் கள்ளன். மூண்டு மூண்டா அடிச்சால் நெருப்பு. ஊரே எழும்பி வந்திடும்."

"வெளியாள் ஆரும் தங்கினால்?" வேண்டுமென்றே கேட்டேன்.

"ஒருநாளுக்கு மேலை தங்கினால் ஒழுங்கைத் தலைவருக்குச் சொல்ல வேணும். அங்கை அதுதான் முறை."

பிறகு அவள் சொன்னதை அன்று நான் அரைக் காதால்தான் கேட்டேன். அவளுடைய அப்பாவின் காவல் முறை வந்த ஒருநாள், தெரியாத ஒருவன் ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். அப்பா கட்டையை இரண்டு இரண்டாக அடித்துவிட்டார். முப்பது வீடும் தடியோடு வந்தது. அடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அவன் அடுத்த ஊரில் இருந்து தன் தொலைந்த ஆட்டைத் தேடி வந்தவன். அவனுக்கு ஒரு கால் அதற்குப் பிறகு நேராகவில்லை.

"அப்பா சாகும் வரைக்கும் சொல்லுவார், அடிக்கிறதுக்கு முதல் கேள் எண்டு. ஆரைக் கண்டாலும் முதல் எங்கை போறீர் எண்டு கேக்க வேணும். நல்லவன் எண்டால் மறுமொழி சொல்லுவான். கள்ளன் எண்டால், தன்னைக் கண்டாச்சு எண்டு விளங்கித் திரும்பிப் போயிடுவான். அடி தேவையில்லை."

"மறுமொழி சொல்ல விருப்பம் இல்லாட்டில்?"

"'அங்காலை' எண்டிட்டுப் போகலாம். அது காணும். தெரியாத ஆக்களுக்கு நாங்கள் அப்பிடித்தான் சொல்லுவம். பழகின ஆக்களுக்குத்தான் இடத்தைச் சொல்லுவம்." அவள் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் எப்போது கேட்டாலும் நான் 'அங்காலை' என்றே சொன்னேன். அவளோ, நான் கேட்காமலே, "குரோருட்டுக்குப் போறன், தேங்காய்ப்பால் வாங்க" என்பாள், "பல்லு டொக்டரிட்டை" என்பாள். கள்ளரைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் கள்ளரோடு பழகாமலா இருப்பாள் என்றுதான் எனக்கு ஓடியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

ஜூன் மாதம் ஒரு காலை கதவைத் திறக்கிறேன், என் கதவின் பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு தயிர்க் குவளை நூலில் தொங்குகிறது. உள்ளே ஒரு பிடி பச்சை அரிசி.

வாசலில் ஒரு பிடி அரிசி. எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே பெயர்தான். பிணத்தின் வாயில் போடும் வாய்க்கரிசி. வீட்டில் பொன் இருக்கிறது என்று தெரிந்து, அது வெளியே வர ஏதோ செய்வினை செய்கிறாள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். பழைய பேப்பரால் பிடித்து, கை படாமல் கொண்டுபோய்க் கீழே குப்பையில் எறிந்தேன். வந்து முழுகி, கர்ப்பூரம் கொளுத்தி, வாசலுக்குச் சுற்றிப் போட்டேன். புகை எச்சரிக்கைக் கருவி கத்தியது.

மறுநாள் புதுக் குவளை, புது அரிசி. மூன்றாம் நாளும்.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் மேசையில் இருந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சங்க நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எதிர்வீட்டுப் பெண் ஆட்களை மறித்து எங்கே போகிறீர்கள் என்று விசாரிக்கிறாள். விருந்தாளிகளை விசாரிக்கிறாள். மற்றவர் கதவின் கைபிடியைத் திருகிப் பார்க்கிறாள். கதவில் அரிசிக் குவளை தொங்கவிடுகிறாள். எங்களுக்குப் பாதுகாப்பாக இல்லை. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கடைசியில் எழுதினேன். என் வாழ்க்கையில் பிழையில்லாமல் எழுதிய ஒரே நோர்வேஜியக் கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன். கணவருக்குச் சொல்லவில்லை.

இரண்டு கிழமையில் எல்லாம் நின்றது. குவளை இல்லை. கைபிடி இறங்கவில்லை. காலையில் நான் கதவைப் பூட்டும்போது எதிர்க்கதவு திறக்கவில்லை. மின்தூக்கியில் கண்டால் சுவரைப் பார்த்து நின்றாள். எனக்கு வெற்றியாகத்தான் இருந்தது. ரயிலை ஒருநாளும் விடவில்லை.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோமில் ஒரு மண்டபத்தில் சாமத்தியச் சடங்கு. நானும் கணவரும் பகல் பத்து மணிக்குப் போய், பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பினோம். கதவு சாத்தியிருந்தது, ஆனால் பூட்டுப் பக்கத்து மரம் வெளிறித் தெரிந்தது. கணவர் தள்ளினார். திறந்தது.

குசினி நிலம் முழுக்கச் சிவப்பரிசி. வாளி கவிழ்ந்து கிடந்தது. நான் சேலையோடு நிலத்தில் இருந்து, இரண்டு கையாலும் அரிசியை அளைந்தேன். பத்துக் கிலோவையும் அளைந்தேன். துணி மட்டும் கிடந்தது. நான் குழறி அழுதது கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அவர்கள் போனதும் நான் எழுந்து எதிர்க்கதவைத் தட்டினேன். இல்லை, இடித்தேன். அவள் திறந்தாள்.

"நீர் வீட்டிலை தானே நிண்டனீர்?"

"ஓம்."

"ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டது. கண்ணாடியாலை பாத்தன். மத்தியானம் ரெண்டு பேர், வேலைக்காரர் மாதிரி நீல உடுப்பு, கையிலை கருவிப் பெட்டி. பூட்டுத் திருத்த வந்தவை ஆக்கும் எண்டு நினைச்சன். சந்தேகமாயும் இருந்தது. கதவுக் கைபிடியிலை கை வைச்சிட்டன். திறந்து எங்கை போறியள் எண்டு கேக்க வெளிக்கிட்டன்."

"ஏன் கேக்கேல்லை?"

அவள் உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள். சங்கத்தின் கடிதம். எழுத்தெழுத்தாக என் வசனங்கள். குடியிருப்பவர்களையும் அவர்களிடம் வருபவர்களையும் இனி விசாரிக்கக்கூடாது, மற்றவர் கதவைத் தொடக்கூடாது, மீறினால் நடவடிக்கை.

"இப்பிடி எழுதி இருக்கே" என்றாள். "என்ரை மனுசன் இன்னும் வேலையாலை வரேல்லை. எனக்குப் பயமாயிருந்தது."

நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை மடித்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எங்கடை ஊரிலை ஒவ்வொரு வீட்டு வாசலிலையும் ஒரு குவளையிலை ஒரு பிடி அரிசி தொங்கும். காவல் சுத்திறவர் கதவு பூட்டியிருக்கோ எண்டு பாத்திட்டு அரிசியை எடுத்துக்கொண்டு போவார். குவளை வெறுமையா இருந்தால், ஆரோ வந்து பாத்திட்டுப் போயிருக்கினம் எண்டு வீட்டுக்காரர் நிம்மதியா இருப்பினம். புதுசாச் சேருற வீட்டுக்கு முதல் குவளையைப் பக்கத்து வீடுதான் கட்டிக் குடுக்கும். காலமை காலமை கட்டினன். பின்னேரம் பாத்தால் இல்லை. நீர்தான் உள்ளுக்கு எடுத்து வைச்சனீர், சேர்ந்திட்டீர் எண்டு சந்தோசப்பட்டன்."

மடித்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தாள்.

"இந்தக் கட்டடத்திலை உம்மடை கதவிலை மட்டும்தான் குவளை கட்டினனான்."

கடிதம் எழுதினது நீரோ என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. நானும் ஓம் என்று சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. என் திமிர் அதை விழுங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் மனதின் ஒரு மூலையில் ஒரு குரல் கேட்டது: இவள் உண்மையிலேயே பயந்து நின்றாளா, இல்லை, படட்டும் என்று நின்றாளா? இன்றைக்கும் அந்தக் குரல் முழுதாக ஓயவில்லை. என் புத்தி அப்படி.

தங்கச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்தேன். அவள் அழவில்லை. "உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே, அக்கா? அது காணும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பக்கத்து வீட்டிலை ஒருத்தரும் நிக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "ஒருத்தரும் நிக்கேல்லை."

தை மாதம் அவள் கலியாணம் நடந்தது. பெரியம்மாவின் மகளுடைய அட்டியலைப் போட்டுக்கொண்டு மணவறையில் இருந்தாள். கலியாணப் படத்தில் அவள் கை கழுத்துப் பக்கமே இருக்கிறது, இரவல் நகை விழுந்துவிடும் என்ற பயத்தில். அந்தப் படம் எங்கள் வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அம்மாவின் அட்டியல் கிடைக்கவேயில்லை.

அடுத்த கோடையில் எதிர்வீட்டார் வேறு இடம் போனார்கள். அவனுக்கு எங்கோ வேறு வேலையாம். கணவர் கீழே கேள்விப்பட்டு வந்து சொன்னார். காலையில் இருந்து பெட்டிகள் இறங்கின. நான் கண்ணாடித் துவாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் இறங்கிய பிறகு அவள் தனியாக வந்து, வெறும் வீட்டின் கதவைப் பூட்டி, பழக்கதோஷத்தில் கைபிடியை ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். அதே ரப்பர் செருப்பு.

நான் கதவைத் திறந்தேன். சொல்ல வேண்டியது ஒரு வருடமாக வாயில் கிடந்தது. ஆனால் வெளியே வந்தது, என் பிறப்பிலேயே வெளிக்கிடும் ஒருவரிடம் நான் கேட்டிராத கேள்வி.

"எங்கை போறீர்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. மரியாதையாகத் தலையைக் கூடச் சாய்த்தாள்.

"அங்காலை" என்றாள். படியில் இறங்கிப் போனாள்.